கேம்ப் படிவத்தில் நான் எழுதிய பொய்

எனக்குக் கோபம் மூக்கு மேல்தான் இருக்கும். திருப்போரூரில் தண்ணீர் டேங்கர் ஓட்டும் ராஜாராம் என்றால், படூர் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன்கள் கேட்டைத் திறந்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். அப்படிப்பட்ட என்னைப் போன சனிக்கிழமை நாற்பது பேர் முன்னால் வாயடைத்து நிற்க வைத்தாள் என் மகள் கவியா. எட்டாம் வகுப்புதான் படிக்கிறாள்.

அவள் பள்ளியின் சாரணியர் படை மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில் மூன்று நாள் கேம்ப் போகிறது. அதற்காகப் பள்ளி மைதானத்தில் பெற்றோர் கூட்டம், பிள்ளைகள் கேம்ப் பையைக் கட்டிக்கொண்டு வரவேண்டும். நடத்தியவர் அணுபுரத்திலிருந்து வரும் சியாமளா டீச்சர். குரல் மெல்லிசு, பேச்சு கறார்.

கவியாவுக்கு ஒன்பது வயதிலிருந்து சர்க்கரை வியாதி. ஒரு நாளைக்கு நாலு ஊசி. செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரியில் மாதாமாதம் மருந்து வாங்கி வருகிறோம். இது என் மனைவி துர்காதேவிக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், கூடப்பிறந்த அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. பெண் பிள்ளைக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் நாளைக்கு எவன் கட்டுவான்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அதனால் கேம்ப் படிவத்தில் 'நோய் ஏதேனும் உண்டா' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். வேளாவேளைக்கு பைக்கில் போய், தோப்பு வேலி ஓரம் அவளைக் கூப்பிட்டு ஊசி போட்டுவிட்டு வருவது என் திட்டம்.

"வோணாம் நைனா, மிஸ்ஸாண்ட சொல்லிடலாம்" என்றாள் கவியா.

"நீ வாய மூட்றியா?" என்றேன்.

கூட்டத்தில் டீச்சர் எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "கேம்ப் முடியற வரைக்கும் அப்பா அம்மா யாரும் தோப்புப் பக்கம் வரக் கூடாது. வேலி ஓரம்கூட நிக்கக் கூடாது."

என் பைக் திட்டம் அதோடு போச்சு.

அடுத்து, "பையைக் கட்டினவங்களே வந்து பிரிச்சுக் காட்டுங்க" என்றார். பாதி அம்மாக்கள் எழுந்து நின்றார்கள். ஒரே சிரிப்பு. "பிள்ளைங்க மட்டும்" என்று டீச்சர் அவர்களை உட்கார வைத்தார். எங்கள் தெரு மளிகைக்கடை கண்ணாயிரத்தின் மகள் பிரபா, டீச்சர் கேட்ட டார்ச்சைத் தேடி முறுக்கு டப்பா, தைலம், மூன்று சீப்பு எல்லாம் வெளியே எடுத்தாள். டார்ச் கிடைக்கவே இல்லை.

கவியா வந்தாள். பையிலிருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்தாள். அதற்குள் மருந்து பாட்டில். பிறகு ஊசிகள், ரத்தம் பார்க்கும் மிஷின், ஒரு பொட்டலம் சர்க்கரை.

"எனக்கு சுகர் கீது மிஸ், நாலு வருசமா. ஊசி நானே போட்டுக்குவேன்."

அடிப்பாவி! எப்போது கற்றுக்கொண்டாள்? நான் துர்காதேவியைப் பார்த்தேன். "நீ லோடு போற நாள்லாம் அவளேதான் போட்டுக்கினு கீறா. நான் பக்கத்துல நிப்பேன், அவ்ளோதான்" என்றாள் மெதுவாக.

கவியா விரலைக் குத்தி, மிஷினைப் பார்த்து, "நூத்தி நாப்பது" என்றாள். பிறகு தோழிகள் பக்கம் திரும்பினாள். "சுகர் எறங்கி எனக்கு குப்புனு வேர்த்து, நான் கன்னாபின்னானு பேசுனா சிரிக்காதீங்க. இந்த சர்க்கரைய தண்ணில கலக்கிக் குடுங்க. ஒடனே மிஸ்ஸ கூப்டுங்க."

டீச்சர் படிவத்தைக் கையில் எடுத்தார். "இதுல இல்லைன்னு எழுதினது யாரு? இவ மயங்கி விழுந்திருந்தா, ஜுரம்னு நினைச்சு நான் போர்வையைப் போத்தியிருப்பேன். இந்தப் படிவத்தோட இவளைக் கூட்டிட்டுப் போக முடியாது."

கவியாவின் முகம் சுருங்கிவிட்டது. அவள் டீச்சரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேறு யார்மேல்? என்மேல்தான்.

எழுந்து போனேன். பேனாவை வாங்கி 'இல்லை'யை அடித்தேன். சர்க்கரை நோய், நாலு ஊசி என்று எழுதினேன். கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்: "நான்தான் மிஸ் எழுதினேன். நாலு பேரு இன்னா சொல்வாங்களோன்னு பயந்துகினு எழுதிட்டேன். எம்பொண்ணுக்கு சுகர் கீது."

"திங்கட்கிழமைக்குள்ள டாக்டர் கடிதம் வேணும். கேம்ப்ல நர்ஸ் இருப்பாங்க, நானும் ஊசி போடக் கத்துக்கறேன். கடிதம் வந்தா கவியா வரா" என்றார் டீச்சர்.

அப்போது கண்ணாயிரம் எழுந்தான். நான் நாலு வருடமாகப் பயந்ததே இவன் வாய்க்குத்தான். இவன் கடையில் காலையில் விழுந்த சேதி மத்தியானம் கேளம்பாக்கம் போய்விடும். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"மிஸ், எங்க பிரபாவ இந்தப் பொண்ணு டென்ட்லயே போடுங்க" என்றான் அவன். "எம்பொண்ணுக்கு அவ பைல இன்னா கீதுன்னே தெரில. இது தன் உசுர தானே பாத்துக்குது. இது பக்கத்துல படுத்தா எனக்கு ராத்திரி தூக்கம் வரும்."

சும்மா சொல்லக் கூடாது, எனக்குக் கண் கலங்கிவிட்டது. யாரிடமும் சண்டை போட வாய் வரவில்லை. கவியா ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். மைதானமே அவளைப் பார்த்தது.

தாமதமாக வந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "யாரு வூட்டுப் பொண்ணுமா இது?" என்று கேட்டது என் காதில் விழுந்தது.

என்னைக் கேட்கவில்லைதான். ஆனாலும் திரும்பி, "எங்க வூட்டுப் பொண்ணு" என்றேன்.