உள்பக்கத்துக் கோடு

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி நாற்பது நிமிடத்துக்கு, தீயணைப்பு வண்டி ஏணிகளுக்கென இணைக்கப்பட்ட நாற்பத்தெட்டு அலுமினியக் குழாய்கள் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. இணைத்தவர் என் கணவரின் தம்பி. ஐம்பது வயதாகியும் ஒரு நாள்கூடத் தாமதித்து வராததால் பட்டறையில் அவருக்குக் ‘கடிகாரம்’ என்று பெயர். சோதித்துக் கையெழுத்திட வேண்டியவள் நான். உடன் சோதிப்பவர் விடுப்பில் இருந்ததால், இரு வாரங்களாக இருவர் வேலையை நான் ஒருத்தியே பார்த்துவந்தேன்.

எங்கள் இயந்திரம் உலோகத்தை உருக்குவதில்லை. சுழலும் எஃகு முனையொன்று, இரு குழாய்களும் சந்திக்கும் இடத்தில் இறங்கி, உராய்வின் சூட்டில் இளகும் அலுமினியத்தைப் பிசைந்தபடியே ஒரு சுற்று வந்து இரண்டையும் ஒன்றாக்குகிறது. குழாய் நசுங்காதிருக்க உள்ளே இரும்பு உருளை செருகப்படும். முனை அந்த உருளையை நெருங்க வேண்டும், தொடக் கூடாது.

வெளிப்புறத்தில் குறையே இல்லை. சிறு விளக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன். குழாய்கள் சந்தித்த கோடு, மாவில் விழுந்த தலைமுடியைப்போல், அப்படியே கிடந்தது. கோடு தெரிந்தால் அடிவரை கலக்கவில்லை என்று பொருள். மூன்று குழாய்களிலிருந்து, இணைப்பு நடுவில் வரும்படி ஆளுக்கொரு பட்டை வெட்டி வளைத்தேன். மூன்றும் அந்தக் கோட்டிலேயே வாய் பிளந்தன.

கொழுந்தனாரை வரவழைத்தேன். முதலில் குழாய் சரக்கைக் குறை சொன்னார், பிறகு மின்சாரத்தை. நான் பட்டைகளை அவர் முன் வரிசையாக அடுக்கிவைத்தேன்.

“உள்ள போடுற உருளை தேஞ்சு ஆடுது. போன மாசம் முனை அதுல உரசி, குழாய் மாட்டிக்கிச்சே, ஞாபகம் இருக்கா அண்ணி? அரை நாள் சுத்தியலும் கையுமா நின்னேன். மேலாளர் எல்லார் முன்னாடியும் என்னை வறுத்தெடுத்துட்டாரு. அதான் முனையை ஒரு துளி மேல தூக்கி வெச்சுட்டேன்.”

அந்தத் துளி கால் மில்லிமீட்டர்.

வெள்ளிக்கிழமை அவரை ஷிப்ட் பொறுப்பாளராக அறிவிப்பதாக இருந்தது. நான்கு ஆண்டுகளாக அதற்குக் காத்திருந்தார். பொறுப்பாளருக்கு நாற்காலி உண்டு. முழங்கால் வீங்கி, வீட்டு மாடிப்படியை அவர் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதைத் தினமும் பார்க்கிறேன்.

“வெளிய கண்ணாடி மாதிரி இருக்கு. உள்ள யாரு எட்டிப் பாக்கப்போறா?”

“நான் பாத்துத் தொலைச்சுட்டேனே, தம்பி.”

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். இருவருக்கும் அதற்குமேல் தெம்பில்லை. அறிக்கையைச் சனிக்கிழமைவரை நிறுத்திவைக்குமாறு கேட்டார். குழாய்களை ஏற்றிச்செல்லும் லாரி வியாழனன்றே புறப்படுகிறது என்பதை அவருக்கு நினைவூட்டினேன். ஏணியின் உச்சியில் நிற்கப்போகிறவரைப் பற்றி நான் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும்.

“நான் எழுதினா அது உங்க மேல புகார். நீங்களே எழுதினா, அந்த உருளை தேஞ்சுபோன கதையும் சேந்து மேல போகும். இந்தாங்க பேனா.”

பேனாவை வாங்கிக்கொண்டார்.

“உக்காந்து எழுதலாமா?”

எழுந்து என் நாற்காலியைக் கொடுத்தேன்.

நண்பகலில் மேலாளர் அறையில் முடிவாயிற்று. நாற்பத்தெட்டுக் குழாய்களும் கழிக்கப்பட்டன. தேய்ந்த உருளைக்குப் பதிலாகப் புதியது வரவழைக்கப்படும். ஒவ்வொரு ஷிப்டின் தொடக்கத்திலும் முனையின் உயரத்தை இருவர் அளந்து கையெழுத்திடுவர். பொறுப்பாளர் பதவி வேறொருவருக்கு அளிக்கப்பட்டது. கொழுந்தனார் அதே இயந்திரத்தில் நின்று பணியைத் தொடர்வார்.