ஆத்தாவாகவே இருக்கட்டும்

சந்திரகலாவின் உள்ளங்கை சிவந்திருந்ததை முதலில் பார்த்தவள் தனலெட்சுமிதான். தங்கச்சிக்கு ரத்தப் புற்றுநோய். கோலாலம்பூர் ஆஸ்பத்திரியில் அக்கா இவளுடைய எலும்பு மஜ்ஜையை எடுத்து அவளுக்கு ஏற்றி, போர்ட் கிள்ளான் வீட்டுக்கு அனுப்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"உங்க ரத்த செல் அவங்க உடம்பை எதிரின்னு நெனச்சிட்டா முதல்ல தோல்லதான் காட்டும். அதை அடக்கத்தான் இந்த மருந்து. ஒரு வேளைகூட விடாதீங்க," என்று டாக்டர் வீரசிங்கம் இவளிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

அம்மா புஷ்பவல்லிக்கோ சந்தேகமே இல்லை. "மாரியாத்தா வந்திருக்காடி! இனிமே மருந்து கிருந்துன்னு எதையும் தொடாதீங்க, ஆத்தா கோவிச்சுக்குவா," என்று வாசலில் வேப்பிலையைச் செருகினாள். அடுப்பில் தாளிப்பு நின்றது. மைலோ பானத்தில் கலந்து கொடுக்கிற, டாக்டர் சொன்ன அந்த எண்ணெய் மருந்தும் நின்றது.

தனலெட்சுமி வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பாள்? ஆத்தா என்றால் இவள் மேல் பழியில்லையே! தான் கொடுத்த ரத்தமே தங்கச்சியைத் தின்கிறது என்று நினைக்க எந்த அக்காவுக்கு மனசு வரும்? ஆத்தாவாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள், பாவி மகள்.

மறுநாள் பாதமும் சிவந்தது. மத்தியானத்துக்குள் வயிற்றுப்போக்கு ஓயாமல் போனது. "எரியுதுக்கா," என்று முனகினாள் சந்திரகலா. அம்மை என்றால் கொப்புளம் வேண்டாமா? உடம்பில் ஒன்றுகூட இல்லை.

"அம்மா, இது ஆத்தா இல்ல. என் ரத்தம்மா."

"வாயைக் கழுவுடி! தலைக்குத் தண்ணி ஊத்தாம படி தாண்டினா குடும்பமே அழிஞ்சிரும்!"

அந்தப் பயம் தனலெட்சுமிக்கும் இல்லாமல் இல்லை. இருந்தாலும் தங்கச்சியை வாரித் தூக்கினாள். பக்கத்து வீட்டு அய்யாவு வேனைக் கிளப்பி, "ஏறுங்க லா, பேசிக்கிட்டு நிக்காதீங்க!" என்று கத்தினார். அழுதுகொண்டே அம்மாவும் ஏறினாள்.

"மருந்து குடுத்தீங்களா?" என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

"நிறுத்திட்டோம். எனக்குத் தெரியும் டாக்டர். தெரிஞ்சும் சும்மா இருந்துட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "இப்ப பெரிய மருந்தா ஏத்தி அடக்கணும். அடக்கினா, இப்பத்தான் தலையெடுத்த எதிர்ப்பு சக்தியும் படுத்துரும். சளி பிடிச்சாலே ஆபத்து. விட்டா, குடலும் ஈரலும் போயிரும்."

"இவ குடுத்ததைத் திருப்பி எடுத்துட முடியாதா?" என்று கேட்டாள் அம்மா.

"எடுத்தா அவங்களுக்குன்னு வேற ரத்தம் இல்லம்மா. இப்ப ஓடுறது பூரா அக்காவோடதுதான்."

"பயமா இருக்குக்கா, என்னைப் பிடிச்சுக்க," என்றாள் கட்டிலில் கிடந்த சந்திரகலா.

தனலெட்சுமி கையை நீட்டினாள். தொடத்தான் பயமாக இருந்தது.