மெக்கானிக்கலுக்குச் சமம்

என் அண்ணன் ஹர்ஷா மெக்கானிக்கல் படிக்கப் போய், இன்டெலிஜென்ட் மொபிலிட்டி சிஸ்டம்ஸ் படித்து முடித்தான். நடுவில் அவன் எங்கும் மாறவில்லை. அதே கல்லூரி, அதே பெஞ்சு, அதே நீல நிற லேத் மெஷின். படிப்பின் பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. இரண்டாம் வருடம் மெக்கட்ரானிக்ஸ். மூன்றாம் வருடம் ஸ்மார்ட் மேனுஃபாக்சரிங். கடைசி வருடம் இந்த வாயில் நுழையாத பெயர். புனே பக்கம் எங்கள் தேஹு ரோடு குவார்ட்டர்ஸில் யாராவது கேட்டால், "ஏதோ காரைப் பத்தின படிப்பு" என்று அம்மா முடித்துக்கொள்வாள்.

பெயரை மாற்றியது எங்கள் பெரியப்பா சுந்தரராமன்தான். அப்பாவுக்கு அண்ணா. ஹடப்ஸர் பக்கம் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் டீன். எதற்கு டீன் என்று கேட்டால் "தொழில்துறை ஒருங்கிணைப்பு" என்பார். தொழிற்சாலைகளுக்கு எப்படிப்பட்ட ஆட்கள் வேண்டுமோ அப்படிப்பட்ட ஆட்களைக் கல்லூரி உண்டாக்கித் தர வேண்டும். அதற்கு நடுவில் நிற்பவர் அவர். ஆட்களை மாற்றுவதற்கு நாள் பிடிக்கும் என்பதால் பெயர்ப்பலகையை மாற்றினார்.

இதற்கென்று ஒரு முறை உண்டு. மே மாதம் கல்லூரியில் ஆலோசனைக் கூட்டம் நடக்கும். தொழிற்சாலைகளிலிருந்து அதிகாரிகள் வந்து, தங்களுக்கு என்ன தேவை என்று சொல்வார்கள். ஆனால் அதற்கு முந்தைய சனிக்கிழமையே பெரியப்பாவின் மகர்பட்டா ஃப்ளாட்டில் எல்லாம் முடிவாகிவிடும். சாக்கனில் கியர்பாக்ஸ் செய்யும் ஒரு பெரிய கம்பெனியின் ஹெச்.ஆர். தலைவர் பக்தவத்சலம் அன்று சாப்பிட வருவார். சென்னைக்காரர். பெரியம்மா ருக்மிணியின் சமையலுக்காகவே வருகிறார் என்று பெரியம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். ரசத்தின்போது அவர் சொல்வது அடுத்த வாரம் தீர்மானமாகும். ஜூன் மாதம் பலகையில் ஏறும்.

அந்தச் சனிக்கிழமைகளில் பெரியம்மாவுக்குக் கூடமாட உதவ நான் போவேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். வெளியாட்கள் எதிரில் எனக்குப் பேச வாய் வராது. அதில் ஒரு சௌகரியம், என்னை வைத்துக்கொண்டு எல்லோரும் எல்லாவற்றையும் பேசுவார்கள்.

ஹர்ஷா கல்லூரியில் சேர்ந்த வருடம் பக்தவத்சலம் மோர்க்குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. "மெக்கானிக்கல்னு போர்டு வச்சா இந்தக் காலத்துல யார் சார் வருவாங்க? பேரைக் கேட்டாலே கிரீஸ் நாத்தம் அடிக்குது." சொல்லிவிட்டு இன்னொரு வடாம் கேட்டார்.

அந்த வடாத்தோடு மெக்கானிக்கல் முடிந்தது. லேத்தின் மேல் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அடுத்த வருடம் வேறு ஸ்டிக்கர். பிறகு ஒரு சின்னப் பெட்டியைப் பக்கத்தில் பொருத்தினார்கள். அதில் பச்சை விளக்கு எரியும். பெட்டிக்கும் லேத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பெட்டிக்குத் தனி பிளக் என்று ஹர்ஷா சொன்னான். வருகிற பெரிய மனிதர்கள் பச்சை விளக்கின் பக்கத்தில் நின்று ஃபோட்டோ எடுத்துக்கொள்வார்கள். லேத் தன் பாட்டுக்கு இரும்பைச் சீவிக்கொண்டிருக்கும்.

படிப்பு முடிந்ததும் ஹர்ஷா வீட்டில் உட்கார்ந்தான். அவன் படித்த படிப்பின் பெயரில் எங்கும் வேலை இல்லை. அப்பா காலையில் டிப்போவுக்குக் கிளம்பும்போது அவனைப் பார்ப்பார். பிறகு செருப்பை மாட்டிக்கொள்வார். திட்டியிருந்தால் அண்ணாவுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

ஒரு வருடம் இப்படிப் போன பிறகு சாக்கனிலிருந்து கூப்பிட்டார்கள். பக்தவத்சலத்தின் அதே கம்பெனி. எழுத்துத் தேர்வில் தேறினான். பிறகு பட்டறைக்குள் அழைத்துப்போய் ஒரு இரும்பு ஷாஃப்ட்டைக் கையில் கொடுத்து, லேத்தில் கடைந்து காட்டச் சொன்னார்கள். ஃபோர்மன் அளந்து பார்த்துவிட்டு "சாங்லா ஆஹே" என்றாராம். நன்றாக இருக்கிறது. அதை வீட்டில் ஹர்ஷா திரும்பத் திரும்பச் சொன்னான். அதற்குப் பிறகுதான் ஹெச்.ஆர். அறை. அங்கிருந்த பெண் கம்ப்யூட்டரில் அவன் படிப்பின் பெயரைத் தேடினாள். கிடைக்கவில்லை. இந்த வேலைக்கு மெக்கானிக்கல் மட்டும்தான். கல்லூரியிலிருந்து "மெக்கானிக்கலுக்குச் சமம்" என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு திங்கட்கிழமைக்குள் வர வேண்டும். இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

மறுநாள் சனிக்கிழமை. பக்தவத்சலம் சாப்பிட வரும் சனிக்கிழமை. நானும் அண்ணாவும் லோக்கல் ரயில் பிடித்து, ஸ்டேஷனிலிருந்து பஸ் ஏறிப் போனோம். வழியெல்லாம் அவன் சந்தோஷமாக இருந்தான்.

"நம்ம பெரியப்பாதானே அம்மு. ஒரு லைன் எழுதணும். கித்னா டைம் ஆகும்? அஞ்சு நிமிஷம்?"

பெரியப்பா ஹாலில் உட்கார்ந்து ஒரு பேச்சைத் தயார் செய்துகொண்டிருந்தார். அடுத்த வாரம் தொழிலதிபர்கள் சங்கம் அவருக்கு விருது கொடுக்கப்போகிறது. கல்வியைத் தொழில்துறையோடு சிறப்பாக இணைத்ததற்காக. ஹர்ஷா விஷயத்தைச் சொன்னதும் பேனாவை மூடினார்.

"சமம்னு எப்படிடா எழுதறது? சமம்னா நான் இத்தனை வருஷமா என்னத்தை மாத்தினேன்?"

"ஒண்ணும் மாத்தலையே பெரியப்பா. அதே லேத்துதானே."

"அது லேத் இல்லை. இன்டெலிஜென்ட் மெஷினிங் யூனிட்."

சமையலறையிலிருந்து பெரியம்மா குரல் கொடுத்தாள். "கொழந்தைக்கு வேலை கிடைக்கறது. ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்தா உங்க கை தேஞ்சா போயிடும்?"

"ருக்மிணி, நீ சேனையைப் பாரு, தீஞ்சுடப் போறது." பிறகு குரலைத் தணித்து ஹர்ஷாவிடம் சொன்னார். "விருதுப் பத்திரத்துல என்ன போட்டிருக்கா தெரியுமோ? பழைய மெக்கானிக்கலை அடியோட ஒழிச்சவர்னு. இப்போ நானே அது ஒழியலைன்னு லெட்டர் குடுக்கறதா? உனக்குக் குடுத்தா உன் பேட்ச் பூரா வாசல்ல வந்து நிக்கும்."

"நிக்கட்டுமே. எல்லாருக்கும் வேலை கிடைச்சுடுமே."

"வேலை கிடைக்கறது வேற. இது பாலிசி."

அப்போது மணி அடித்தது. பக்தவத்சலம் கையில் ஸ்ரீகண்ட் இனிப்பு டப்பாவோடு உள்ளே வந்தார். இலை போட்டோம். ஹர்ஷாவை நடுவில் உட்காரவைத்தாள் பெரியம்மா. அவள் திட்டம் எனக்குப் புரிந்தது, பெரியப்பாவுக்கும் புரிந்தது.

சாம்பார் முடியும்வரை வெயிலைப் பற்றிப் பேசினார்கள். பிறகு பக்தவத்சலம் பெருமூச்சு விட்டார்.

"ஆளே கிடைக்கமாட்டேங்குது சார். புனே பூரா சலிச்சுப் பாத்தாச்சு. இந்த மெக்கானிக்கல் பசங்க எல்லாம் எங்கதான் போயிட்டாங்க? வர்ற அப்ளிகேஷன்ல படிப்பு பேரைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்குது."

பெரியப்பா சேனை வறுவலை நீண்ட நேரம் மென்றார்.

"இதோ உக்காந்திருக்கானே," என்றாள் பெரியம்மா. "உங்க கம்பெனிலதான் நேத்து டெஸ்ட் எல்லாம் பாஸ் பண்ணிட்டு வந்திருக்கான். எங்க மச்சினர் பிள்ளை."

பக்தவத்சலம் ஹர்ஷாவை இப்போதுதான் பார்த்தார். விஷயம் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது.

"அட, ஷாப் ஃப்ளோர் ஓகே பண்ணியாச்சா? அப்புறம் என்ன சார், ஒரு லெட்டர் குடுத்துடுங்க. திங்கக்கிழமை சேத்துக்கறேன்."

"லெட்டர் எதுக்கு? நீங்கதான் ஹெட். கம்ப்யூட்டர்ல அந்தப் பேரையும் சேத்துடுங்கோ. அந்தப் பேரே நீங்க சொன்னதுதானே," என்றார் பெரியப்பா.

"நான் பேரு சொன்னேன். சேக்கறேன்னு சொல்லலையே. அந்த லிஸ்ட் ஹெட் ஆஃபீஸ்ல போட்டது. என்னாலயே தொட முடியாது."

"என்னாலயும் பாலிசியைத் தொட முடியாது."

"உங்க கஷ்டம் புரியுது சார்."

"எனக்கும் உங்க கஷ்டம் புரியறது."

இருவரும் ஒருவர் கஷ்டத்தை ஒருவர் புரிந்துகொண்டு சாப்பிட்டார்கள். ஊறுகாய் ஜாடி ஹர்ஷாவைத் தாண்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வந்தது. அவன்தான் எடுத்து எடுத்துக் கொடுத்தான். அவன் இலையில் சாதம் அப்படியே இருந்தது.

ரசம் வந்தபோது பக்தவத்சலத்துக்கு யோசனை வந்தது. எப்போதும் ரசத்தில்தான் வரும்.

"சார், இப்படிப் பண்ணா என்ன? மெக்கானிக்கலையே புதுசா ஆரம்பிச்சுடுங்க."

"பழசுன்னு ஆயிடும்."

"பழசு இல்ல. 'கோர் மெக்கானிக்கல்'. ஏற்கெனவே டிகிரி முடிச்ச பசங்களுக்கு ஒரு வருஷ பிரிட்ஜ் கோர்ஸ். இண்டஸ்ட்ரி கேட்டுது, காலேஜ் குடுத்துதுன்னு விருது மேடையிலயே அறிவிச்சுடுங்க."

பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "பேஷ்," என்றார். "முதல் அட்மிஷன் நம்ம ஹர்ஷாதான்."

"திங்கக்கிழமை வேலை?" என்று கேட்டான் ஹர்ஷா.

"வேலை எங்கடா போறது? ஒரு வருஷத்துல முழு மெக்கானிக்கலா வெளியில வருவே."

"நான் உள்ள போனப்போவே முழு மெக்கானிக்கல்தானே பெரியப்பா."

அதற்குள் இருவரும் அறிவிப்பின் வாசகத்துக்குப் போய்விட்டார்கள். பெரியம்மா என் பக்கம் திரும்பி, "அவனுக்கு மோர் விடு," என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமை வேலை அடுத்த ஆளுக்குப் போனது.

விருது விழா நன்றாக நடந்தது. ஜூனில் பலகை மாறியது. லேத்திலிருந்து ஸ்டிக்கரைச் சுரண்டினார்கள். பச்சை விளக்கை மட்டும் அழகாக இருக்கிறது என்று விட்டுவைத்தார்கள். பட்டறை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரை ஸ்மார்ட் காலத்திலேயே அனுப்பிவிட்டிருந்தார்கள். அதனால் கோர் மெக்கானிக்கல் மாணவர்களுக்கு லேத் சொல்லிக்கொடுக்கும் வேலையும் ஹர்ஷாவுக்கே வந்தது. காலையில் அவன் மாணவன், மதியம் ஆசிரியர். கல்லூரியின் ஆண்டறிக்கையில் சேர்ந்தவர்கள் பட்டியலிலும் அவன் பெயர் இருந்தது, வேலை கிடைத்தவர்கள் பட்டியலிலும் இருந்தது. அப்பா அந்த அறிக்கையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்துவிட்டு, "ரெண்டுலயும் இருக்கானே, பாக்கியசாலி," என்றார்.

மறுபடி மே மாதம் வந்தது. மறுபடி சனிக்கிழமை. இந்தத் தடவை ஹர்ஷா சான்றிதழைக் கோப்பில் வைத்துக் கையோடு கொண்டுவந்திருந்தான். சாப்பிட்டு முடித்ததும் பக்தவத்சலத்திடம் கொடுப்பதாக ஏற்பாடு.

அவர் ரசத்தை உறிஞ்சிவிட்டுச் சொன்னார். "கோர் எல்லாம் இப்ப போணியாகாது சார். லைன்ல ரோபோ வந்தாச்சு. இப்ப எங்களுக்கு வேண்டியதே வேற."

பெரியப்பா பேனாவைத் தேடினார். நான் ஹர்ஷாவைப் பார்த்தேன். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவான் என்று பயந்தேன். அவன் சான்றிதழ்க் கோப்பை நாற்காலிக்கு அடியில் தள்ளினான். பிறகு, ரொம்பவும் மரியாதையாக, "சார், 'கொலாபரேட்டிவ் ஹ்யூமன் ரோபாட்டிக்ஸ்'னு வச்சா எப்படி இருக்கும்?" என்றான்.

பக்தவத்சலத்தின் கை இலைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"இந்தப் பையன் யாரு சார்?"

"என் தம்பி பிள்ளை. போன வருஷம்கூட..."

"இவ்வளவு நாளா எங்க வச்சிருந்தீங்க இவனை? இண்டஸ்ட்ரி என்ன கேக்குதுன்னு உக்காந்த எடத்துல புரிஞ்சுக்கறான். நம்ம ஹெச்.ஆர்.லயே ஒரு எடம் இருக்கு. காலேஜுங்களோட பேசற வேலை. திங்கக்கிழமை வந்துடுப்பா."

"சார், என் டிகிரி..."

"அட, ஹெச்.ஆருக்கு எந்த டிகிரியா இருந்தா என்ன?"

பெரியம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஸ்ரீகண்டை எல்லோருக்கும் இரண்டு கரண்டி வைத்தாள். கிளம்பும்போது சான்றிதழ்க் கோப்பை ஹர்ஷா மறந்துவிட்டான். நான்தான் நாற்காலிக்கு அடியிலிருந்து எடுத்துவந்தேன்.

அப்பா குவார்ட்டர்ஸ் முழுக்கப் பேடா கொடுத்தார். ஹர்ஷா தினமும் கம்பெனி பஸ்ஸில் சாக்கன் போகிறான். சட்டையில் இஸ்திரி மடிப்பு கலைவதில்லை. அந்த ஃபோர்மனைப் பார்க்கிறாயா என்று ஒரு நாள் கேட்டேன். பட்டறை வேறு கட்டடம், கேன்டீனும் வேறு என்றான்.

போன ஞாயிற்றுக்கிழமை விச்சு வந்தான். எங்களுக்கு இரண்டு வரிசை தள்ளிய குவார்ட்டர்ஸ். கோர் மெக்கானிக்கலில் ஹர்ஷாவிடம் லேத் கற்றவன். சாக்கனில் பட்டறைத் தேர்வு முடிந்துவிட்டதாம்.

"அண்ணா, உங்க ஃபோர்மன் சாங்லா ஆஹேன்னார். ஹெச்.ஆர்.ல நீங்கதான் இருக்கேள்னு தெரிஞ்சதும் அம்மா பிள்ளையாருக்குத் தேங்காய் உடைச்சுட்டா."

ஹர்ஷா சிரித்தான். நிஜமாகவே சந்தோஷப்பட்டான் என்றுதான் நினைக்கிறேன். "நீ நன்னா கடைவேன்னு எனக்குத் தெரியாதாடா? நான்தானே சொல்லிக்குடுத்தேன்."

"அப்போ சேந்துடலாமா அண்ணா?"

"அதுல ஒண்ணே ஒண்ணுதான். லிஸ்ட்ல மெக்கானிக்கல் இருக்கு. கோர் மெக்கானிக்கல் இல்லை. கம்ப்யூட்டர் எடுத்துக்க மாட்டேங்கறது."

விச்சு என்னைப் பார்த்தான். நான் காபித் தம்ளரை அவன் முன்னால் வைத்தேன்.

"ஒண்ணும் கவலைப்படாதே," என்றான் அண்ணா. "எங்க பெரியப்பாகிட்ட போய், மெக்கானிக்கலுக்குச் சமம்னு ஒரு லெட்டர் வாங்கிண்டு வந்துடு. ஒரு லைன்தான். சனிக்கிழமை போ. சாப்பாட்டுக்கு முன்னாடியே போயிடு."