அக்கா ஒற்றைக் கண்ணால் பார்த்தது

அலுமினிய ஜன்னல் கடைக்கார அக்கா இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்த நேரான பொருள்கள் எல்லாம் அந்த வருஷம் வளைந்துபோயின. முதலில் பட்டறையில் இருந்த சட்டங்கள், பிறகு எதிர்வீட்டுக் கம்பிக் கதவு, அதற்கும் பிறகு தெருமுனை விளக்குக் கம்பம். மின்சார ஆபீஸ் ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, விளக்குதான் எரிகிறதே என்று போய்விட்டார்கள்.

சட்டத்தின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, நீளவாக்கில் பார்த்து நேர் சொல்வது அந்தத் தொழிலின் வழக்கம். அக்கா வலது கண்ணால் பார்ப்பாள். அவள் தலையாட்டிய பிறகுதான் சட்டம் கடையை விட்டு வெளியே போகும். அப்பா இறந்ததும் கடை அவளுக்கும் தம்பிக்கும் பாதிப் பாதியாக வந்தது. அவளுக்கென்று வேறு வருமானமோ வேறு வேலையோ இல்லை. இருவருக்கும் ஆகாது; ஒருவர் திறந்த ஷட்டரை மற்றவர் இன்னும் ஒரு சாண் மேலே தள்ளிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். அதனால் சட்டங்கள் வளையத் தொடங்கியபோது, தன்னைத் துரத்துவதற்காகத் தம்பிதான் வளைக்கிறான் என்று அக்கா முடிவு கட்டினாள்.

"நீ பாக்கற வரைக்கும் நேராத்தான் இருந்துச்சு. உன் கண்ணுலதான் கோளாறு. இத்தனை வருஷம் சுகர வெச்சுக்கிட்டு ஒரு தடவையாவது கண்ணைக் காட்டினியா?" என்றான் அவன்.

அவன் சொன்னது சரிதான். ஆனால் சொன்னது அவன். அந்த ஒரே காரணத்துக்காக அக்கா ஒரு வருஷம் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. கண் சிவக்கவில்லை, வலிக்கவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருந்தால் எதுவும் வளையவில்லை. வளைந்து மூட முடியாமல் போன ஜன்னல்களைத் தூக்கிக்கொண்டு வந்து வாடிக்கையாளர்கள் வாசலில் நின்று திட்டினார்கள். அக்கா அவர்களைத் தம்பி பக்கம் திருப்பி விட்டாள்.

ஒரு நாள் தம்பி அவளுடைய அளவு டேப்பை எடுத்துப் பூட்டி வைத்தான். "இனிமே நேர் நான் பாத்துக்கறேன். நீ வீட்ல உக்காரு."

"முதல்ல நீ நேரா இருக்கியான்னு பாக்கறேன்டா" என்று அக்கா இடது கண்ணை மூடி, அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவன் இடுப்பில் வளைந்தான். சத்தம் வரவில்லை, வலிக்கவும் இல்லை. நிமிர்த்துவதற்காக அவள் மறுபடி பார்த்ததில் இன்னும் கொஞ்சம் வளைந்தான்.

மறுநாள் காலை வளைந்த தம்பியே அவளைக் கண் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனான். கட்டம் போட்ட காகிதத்தை நீட்டி, நடுப்புள்ளியை ஒவ்வொரு கண்ணாகப் பார்க்கச் சொன்னார்கள். வலது கண்ணுக்குக் கோடுகள் நெளிந்தன; காகிதத்திலும் நிஜமாகவே நெளிந்ததால் வேறு காகிதம் எடுக்க வேண்டியிருந்தது. எரிச்சலூட்டும் சொட்டு மருந்தை விட்டுக் கண் பாவையை விரித்தார்கள். பிறகு ஒரு ஸ்கேன் மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் பிடித்தார்கள். மெஷினைப் பார்க்காமல் உள்ளே இருக்கும் பச்சை வெளிச்சத்தை மட்டும் பார்க்கும்படி கண் டாக்டரம்மா எச்சரித்தார். படத்தில், பார்வைக்கு நடுவான இடம் பள்ளமாக இருப்பதற்குப் பதில் மேடாக இருந்தது. சர்க்கரை கெடுத்த மெல்லிய ரத்தக் குழாய்களிலிருந்து கசிந்த நீர் அங்கே குட்டிக் குட்டிப் பைகளாகக் கோத்திருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"இவன் சொல்ல ஆரம்பிச்சு ஒரு வருஷம் இருக்கும்."

"அப்பவே வந்திருக்கணும். ஊசி போட்டா வீக்கம் வடியும். ஆனா லேட்டானதுக்குன்னு கொஞ்சம் கோணல் தங்கிடலாம். சுகரையும் பிரஷரையும் கட்டுக்குள்ள வைக்கலைன்னா மறுபடி கசியும்."

"கேட்டியா?" என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி.

"நிமிந்து பேசுடா" என்றாள் அக்கா.

மாதம் ஒரு தடவை கண்ணை மரத்துப்போகச் செய்து, கழுவி, வெள்ளை விழி வழியாக ஊசி போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் தம்பி கூட வந்தான். பாசத்தால் அல்ல, இடுப்பால். போகும்போதும் வரும்போதும் இருவரும் திட்டிக்கொண்டார்கள். அக்கா இனிப்பை விட்டாள், மாத்திரையை விடாமல் போட்டாள். அவனிடம் இன்னொரு தடவை வாங்கிக் கட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. வீக்கம் வடிய வடிய, அவள் மறுபடி பார்த்தவை நிமிர்ந்தன. தெருக்காரர்கள் கதவுகளைச் சுமந்துகொண்டு வரிசையில் நின்றார்கள். விளக்குக் கம்பம் ஒரே பார்வையில் எழுந்தது. தம்பியை மட்டும் அவள் பார்க்கவில்லை. அளவு டேப் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தாள்.

கடைசியில் அவன் அதை மேஜைமேல் வீசினான். அக்கா அதைப் பையில் போட்டுக்கொண்டு, இடது கண்ணை மூடி, அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். இடுப்பு நிமிர்ந்தது, முதுகு நிமிர்ந்தது. கழுத்து மட்டும் அவள் உட்காரும் பக்கமாகச் சற்றே சாய்ந்து நின்றுவிட்டது. அடுத்த மாதங்களிலும் அது அசையவில்லை. லேட்டானதுக்கு உண்டான கோணல் அதுதான் என்று டாக்டரம்மா சொன்னார்.

இப்போதும் இருவருக்கும் ஆகாது. அக்காதான் நேர் பார்க்கிறாள். வாழ்நாளில் அவள் சொன்ன ஒரு வார்த்தையையும் காதில் வாங்காத தம்பி, அவள் பக்கம் தலையைச் சாய்த்தபடி சட்டம் அறுக்கிறான். கடைக்கு வருபவர்கள், அக்கா சொல்வதை எவ்வளவு கவனமாகக் கேட்கிறான் என்று சொல்லிவிட்டு ஜன்னலை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.