வெறும் வயிறு

1996. பிளாக்ஹவுஸ் பே என்ற கடலோரப் புறநகரில் மூன்று மாதம் வேர்க்க விறுவிறுக்க நடந்தும், நடை கொழுப்பைக் கரைக்குமா என்று பார்க்கும் ஆய்வுக்காகக் கூடத்தில் தின்னத் தந்த வெண்ணெயை ஜெயரட்ணத்தின் பருத்த உடம்பு முன்னைவிடக் குறைவாகவே எரித்திருந்தது. குழாயில் ஊதிய மூச்சுச் சோதனை அப்படித்தான் சொன்னது. மாரடைப்பில் போன அண்ணனின் முகம் கண்ணுக்குள் வந்து நின்றது.

"காலையில வெறும் வயித்தோடதானே வந்தீங்க, சார்?" ஆய்வாளர் தாரிணி மறுபடி கேட்டாள்.

"ஓம் பிள்ளை. பூசையில தந்த சர்க்கரைப் பொங்கல் மட்டும்தான். அது பிரசாதமெல்லோ, சாப்பாடே?"

தாரிணி பேனாவை வைத்தாள். "சர்க்கரை உள்ள போனா உடம்பு முதல்ல அதைத்தான் எரிக்கும், சார். இந்த முடிவு செல்லாது."

"அப்ப நடந்ததுக்குப் பலன் இருக்கோ, இல்லையோ?"

"தெரியாது சார்."

"இன்னொருக்கா ஊதட்டே?"

"ஆய்வு இன்னையோட முடியுது."

வெளியே பஸ் வந்து நின்றது. ஏறுவதா, நடப்பதா என்று ஜெயரட்ணத்துக்கு விளங்கவில்லை.