ஆறவிட்ட கொப்பரை

கடைசி சீசாவுக்கு ஜெல்லியை வழித்து ஊற்றிவிட்டு நிமிர்ந்தபோதுதான் ஜுல்மிரா அதைப் பார்த்தாள். செம்புக் கொப்பரையின் விளிம்புக்குக் கீழே நகத்தளவு பச்சை. தேய்த்தாள். விரலோடு வந்தது. செம்புக் களிம்பு. விஷம்.



நேற்று விடிந்ததிலிருந்து கொல்லையில் ஜபுதிகாபா பறிப்பு. அடிமரத்தையே அப்பிக்கொண்டு காய்க்கிற கறுப்புப் பழம். ஒவ்வொன்றாகத்தான் கிள்ள வேண்டும். சாயங்காலம் பாதிக் கொதியில் மழை வந்து அடுப்பை அணைத்தது. புளிப்புச் சரக்கைச் செம்பில் ஆறவிடக் கூடாது, உடனே மண்பானைக்கு மாற்ற வேண்டும். மினாஸ் மலையில் பிறந்த எவளுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இடுப்பு விட்டுப்போயிருந்தது. தகரத்தால் மூடிவிட்டுப் படுத்துவிட்டாள். காலையில் மறுபடி காய்ச்சினாள். தட்டில் சொட்டவிட்டால் ஓடாமல் நின்றது. அந்தக் கருஞ்சிவப்பில் எந்தப் பச்சை தெரியும்?

முதல் சீசாவை நாத்தனார் ஜன்தீரா சூட்டோடு தூக்கிக்கொண்டு போய் அரை மணி நேரம் ஆகிவிட்டது. அவள் புருஷன் பெல்மீரோ வயிற்றைக் கிழித்துத் தைத்துக்கொண்டு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்தான்.

ஜுல்மிரா செருப்பைத் தேடவில்லை. ஜன்தீரா வீட்டு மேட்டில் மூச்சிரைக்க ஏறும்போது, உண்மையைச் சொன்னால் இனி தன் ஜெல்லியை ஊரில் எவன் தொடுவான் என்று ஒரு நினைப்பு வந்தது. அதுதான் வாயைக் கெடுத்தது.

"அந்த சீசாவைக் குடுடி ஜன்தீரா. எறும்பு விழுந்துடுச்சு."

ஜன்தீரா இடுப்பில் கையை வைத்தாள். "குடுத்தது மனசு பொறுக்கலையா அண்ணி? எறும்பு தின்னா கண்ணுக்கு நல்லதாம்."

"சொல்றதைக் கேளுடி."

"போன வருஷம் கேட்டப்ப இறுகலைன்னீங்க. இந்த வருஷம் எறும்பு. அடுத்த வருஷம் யானை விழுமா?"

உள்ளேயிருந்து பெல்மீரோ சிரித்தான். "யானையே விழட்டும் தங்கச்சி. கஞ்சி குடிச்சுச் செத்த நாக்குக்கு இப்பத்தான் உசுரு வந்திருக்கு."

ஜன்தீரா தன் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி ஜெல்லி அள்ளி, அண்ணி முகத்தைப் பார்த்தபடியே வாய்க்குக் கொண்டுபோனாள். ஜுல்மிரா கையோடு தட்டிவிட்டாள். கரண்டி சுவரில் மோதி விழுந்தது.

"எறும்பு இல்லடி. ராத்திரி முழுக்கச் செம்புலயே விட்டுட்டேன். பச்சை பூத்திருக்கு."

இருவரும் திரும்பி உள்ளே பார்த்தார்கள்.

பெல்மீரோ ஒரு பாலாடைக்கட்டித் துண்டால் சீசாவின் அடியை வழித்துக்கொண்டிருந்தான். "என்ன, ரெண்டு பேரும் பிசாசைப் பார்த்த மாதிரி?" என்றவன், தையலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நெளிந்து உட்கார்ந்தான்.

"கொஞ்சம் தண்ணி குடு. வாயெல்லாம் செப்புக்காசைக் கடிச்ச மாதிரி இருக்கு."