கடலுக்குக் கேட்காத சங்கு

அணுமின் நிலையத்துச் சங்கு ஊதத் தொடங்கியபோது தனக்கோடி மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஏறியும் இறங்கியும் ஒலித்த அது நிற்கிற பாடாகத் தெரியவில்லை. அவசரகால ஒத்திகை வியாழக்கிழமை பத்து மணிக்கு என்று குப்பத்துச் சுவர்களிலெல்லாம் துண்டறிக்கை ஒட்டியிருந்தார்கள். இன்றோ புதன்கிழமை, மணி ஒன்பதுகூட ஆகவில்லை.

கூடை கையிலிருந்து நழுவிற்று. அவளுடைய கணவன் தணிகைவேல் விடியுமுன்னரே கடலுக்குப் போயிருந்தான். உப்புநீர் பட்டால் கெட்டுவிடும் என்று கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது அவன் வழக்கம்.

தெருமுனையில் இரண்டு பேருந்துகள் வந்து நின்றன. முகமூடி அணிந்த அதிகாரி ஒருவர், எல்லாரும் சிங்கப்பெருமாள் கோயில் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்.

"ஒத்திகை நாளைக்குத்தான சார்?" என்றாள் தனக்கோடி.

"தேதி மாத்திட்டாங்கம்மா. ஏறு, ஏறு."

"ஒத்திகைன்னா உனுக்கு இன்னாத்துக்கு சார் மூஞ்சில மூடி?" என்று பக்கத்து வீட்டுச் செல்லம்மா மடக்கினாள். "போன மாசம் கூட்டத்துல இன்னா சொன்ன? கழிவெல்லாம் கான்கிரீட் குழில முந்நூறு வருசம் பத்திரமா இருக்கும்ன. முந்நூறு வருசமும் நீயா காவலுக்குக் குந்திகினு இருப்ப?"

பேருந்துக்குள் சிலர் சிரித்தனர். அதிகாரி முகமூடியின் பட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டதைக் கண்டதும் அச்சிரிப்பு பாதியிலேயே அறுந்தது.

"எம் புருசன் கடல்ல கீறாரு சார். அவருக்கு யாரு சொல்றது?"

அதிகாரி தம் பட்டியலைப் புரட்டினார். வீட்டு எண்கள் இருந்தன. பேருந்து எண்களும் இருந்தன. படகுகளைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தனக்கோடி பேருந்துப் படியிலிருந்து குதித்துக் கரையை நோக்கி ஓடினாள்.

"அடியே, வண்டிய எடுக்கப் போறான்டி!" என்று செல்லம்மா கத்தியது பின்னால் தேய்ந்தது.

கரையில் தென்காற்று வீசியது. நிலையம் இருப்பதும் தென்திசையில்தான். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். காற்றில் வாடையில்லை, நிறமில்லை, கண்ணெரிச்சலும் இல்லை. ஏதேனும் இருந்திருந்தால்கூட மனம் இவ்வளவு பதறியிராது. எதிலிருந்து ஓடுகிறோம் என்பதாவது தெரிந்திருக்கும்.

தொலைவில், இந்தக் காற்றின் பாதைக்கு அப்பால், அவர்களுடைய நீலப் படகு அசைந்துகொண்டிருந்தது. அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. கை தன் பழக்கத்தில் முந்தானையை உயர்த்தி இரண்டுமுறை வீசிவிட்டது.

வீசிய பிறகே உறைத்தது. வியாபாரிகள் வந்துவிட்டார்கள், விரைந்து வா என்பதற்குப் பெண்கள் கரையிலிருந்து காட்டும் குறி அது. வராதே என்பதற்கு அந்தக் குப்பத்தில் எவரும் ஒரு குறியும் வைத்திருக்கவில்லை.

"வராத! அங்கயே இரு!" இரு கைகளாலும் காற்றைக் கடலை நோக்கித் தள்ளினாள். சங்கொலி அவள் குரலை விழுங்கிற்று.

படகின் முனை கரைப்பக்கம் திரும்பியது. சுக்கானைப் பிடித்தபடியே தணிகைவேல் தலைத்துண்டை அவிழ்த்து, உற்சாகமாக அவளை நோக்கி வீசினான்.